வேட்டையும் விலையும்

ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கு முதன்முறை வேட்டையாடச் செல்ல எண்ணுவோர் முதற்கண் விசாரிப்பன யாவை? துப்பாக்கிக்கு அனுமதி, வழிகாட்டிக்கு நாட்கட்டணம், எம்மிருகத்திற்கு என்ன விலை, அதன் தலையையும் தோலையும் ஊருக்குக் கொணரும் வகை ஆகிய இவையே. இக்கொலை தகுமா என்னும் கேள்வி எழுமாயின், ‘எம் பணத்தாலன்றோ காடு பிழைக்கிறது’ என்று விடை வரும்.

அவ்விடையில் உண்மை இல்லாமற் போகவில்லை. நமீபியாவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், கிராமத்தார் சங்கம் அமைத்துத் தம் நிலத்து விலங்குகளால் வரும் வருவாயைத் தாமே அடைய உரிமை தந்தது. பயிரை அழிக்கும் யானையால் அவர்க்குப் பயனும் உண்டாயிற்று. போட்ஸ்வானா 2014இல் வேட்டையைத் தடுத்து, 2019இல் அத்தடையை நீக்கிற்று. ஆதலின், தொலைவிலிருந்து கொடுமையென்று பழிப்போர், யானை மிதித்த வயலுக்கு ஈடு கொடுப்பார் யார் என்பதற்கும் விடை கூறல் வேண்டும்.

எனினும், விளைந்த நன்மை சட்டத்தின் பெருமையேயன்றிச் சுட்டவன் பெருமையன்று. நமீபியாவில் ஒரு கருங் காண்டாமிருகத்தைச் சுடும் உரிமை, 2014இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 350,000 டாலருக்கு ஏலம் போயிற்று. இவ்வாறு பொருள் தருவோர், புறப்படுமுன் தம் நெஞ்சைக் கேட்பாராக: கொல்லும் உரிமை இல்லையெனினும் இப்பொருளைக் கொடுப்பேனா? ஆமெனில், துப்பாக்கி எதற்கு? இல்லையெனில், தருமம் என்னும் பெயர் எதற்கு? விலைக்கு வாங்கியதை விலைக்கு வாங்கியதென்றே சொல்லுவதுதான் நேர்மை.