வராத புகை

நைனார்பாளையத்திலிருந்து யாத்திரை வேன் ஓட்டுகிறேன். அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, பாய் எல்லாம் வண்டியிலேயே வரும். தண்ணீர் கண்ட இடத்தில் சமையல், ராத்திரி சீட்டை மடக்கிப் படுக்கை. வண்டி பழசு. கச்சிராயபாளையம் வரை சமதரையில் அதன்மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது. கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை ஏற்றம் பிடித்தால்தான் திணறல். மூன்றாம் கியரில் ஏறிய வளைவுக்கு இரண்டாவது தேவைப்பட்டது. அப்புறம் அதுவும் போதவில்லை.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? பின்சீட்டுப் பாட்டி, "எந்த ஜென்மத்து வினையோ தம்பி, மலையேற விடமாட்டேங்குது" என்றார். ஒரு மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல், "வயசாயிடுச்சுண்ணே, இன்ஜினை இறக்கிடலாம்" என்றார். இரண்டும் ஒரே பதில்தான். வினை என்றாலும் வயசு என்றாலும் எல்லாப் பழுதுக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று சொல்லாது.

மாதம் ஒரு ஞாயிறு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவேன், வாடகை வராவிட்டால். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் எடுத்த எடுப்பில் அளவையைத்தான் பேசுகிறார்: ஒன்றை எந்த வழியில் அறிகிறோம், அந்த அறிவை எப்படி நம்புவது. பிறர் சொல்லும் பத்து வழிகளை அடுக்கிவிட்டு, காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் எல்லாம் அடங்கும் என்கிறார். அந்தப் பத்தில் அபாவம், ஒழிபு என்ற இரண்டும் பட்டறைக்கென்றே செய்தவை. தரையில் பானை இல்லை என்று அறிவது அபாவம். மற்றவற்றைக் கழித்து மிஞ்சியதைப் பிடிப்பது ஒழிபு.

தர்க்கத்தில் முதல் பாடமே மலையும் புகையும்தான். புகை தெரிகிறது, ஆகவே மலையில் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல. மணிமேகலையிலும் இது வருகிறது. டீசல் வண்டிக்காரனுக்குப் புகை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். கறுப்பு என்றால் டீசலுக்குத் தக்க காற்று இல்லை, ஏர் ஃபில்டரைப் பார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியாமல் வெளியே போகிறது. நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். என் வண்டியிலோ ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தும் புகையே இல்லை. இந்தக் காலத்து இன்ஜின் இல்லை அது. முழுப் பாரத்தோடு ஏறும்போது கொஞ்சமாவது கறுப்பு கக்க வேண்டும். கக்கவில்லை என்றால் எரிக்கவே டீசல் வரவில்லை. வராத புகைதான் சாட்சி.

மற்றதைக் கழித்தோம். கிளட்ச் நழுவினால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. இங்கே சத்தமே இறங்கியது. பிரேக் பிடித்திருந்தால் ஒரு டிரம் மட்டும் கொதிக்கும். நான்கும் ஒரே சூடு. ஆக்சிலேட்டர் கேபிள் முழுசாக இழுத்தது. டீசல் ஃபில்டர் மாற்றியும் பலனில்லை. பிறகு இன்னொரு மெக்கானிக், வயசில் சின்னப் பையன், அடிவாரத்தில் ஒரு வேலை செய்தான். கேனில் டீசல் பிடித்து முன்பக்கம் கட்டினான். டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குப் புது டியூப் போட்டான். ரிட்டர்னும் கேனுக்கே. "ஏத்துங்கண்ணே" என்றான். வண்டி மூன்றாம் கியரில் கறுப்புப் புகையோடு ஏறியது.

அப்படியானால் பம்பிலிருந்து இன்ஜின் வரை எல்லாம் சரி, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் வழியில்தான் கோளாறு. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸை அறுத்துப் பார்த்தோம். வெளியே வெடிப்பில்லை. உள்தோல் டீசலில் ஊறி உப்பி, விரலால் தொட்டால் உரிந்து வந்தது. பம்ப் பலமாக உறிஞ்சும்போதெல்லாம் அது உள்ளே சப்பி வழியை அடைத்திருக்கிறது. சமதரைக்கு மிச்ச வழியில் வந்த டீசல் போதும், ஏற்றத்துக்குப் போதாது.

நான் வினையை மறுப்பவன் இல்லை. ஆனால் சித்தாந்தமே ஒரு காரியத்துக்கு மூன்று காரணம் கேட்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். வினை என்று சொல்பவர் எந்தத் துணைக்காரணத்தின் வழியாக அது வந்தது என்றும் சொல்லக் கடமைப்பட்டவர். எடுத்த எடுப்பில் வினை என்றால் ஒழிபு அங்கேயே நின்றுபோகும்; கழிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வண்டியோடு இது முடிந்தால் பரவாயில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது டீக்கடையில் "அவங்க தலையெழுத்து" என்றார்கள், நல்லவர்கள்தான். சாராயத்தில் இருந்தது மெத்தனால். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், ஆளையும் கொல்லும். மெத்தனால் என்று சொன்னால் அது எங்கிருந்து வந்தது, யார் கலந்தது, யார் விற்றது, யார் கண்டும் காணாமல் விட்டது என்று பின்னாலேயே போகலாம். தலையெழுத்து என்று சொன்னால் எங்கே போவது?

வகுப்பில் ஹோஸ் கதையைச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே குஷி. இன்ஜின்தான் ஆன்மா, டீசல்தான் திருவருள், அடைத்த ஹோஸ்தான் ஆணவ மலம் என்று ஒருவர் உடனே உரை எழுதிவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. ஆன்மாவின் சக்தி மறைக்கப்படுமே தவிரத் தேயாது என்பது சைவம். இன்ஜின் தேயும். கேன் வைத்தும் ஏறாமல் போயிருந்தால் கம்ப்ரஷன் பார்த்து, ரிங் தேய்ந்திருந்தால் இறக்கித்தான் ஆக வேண்டும்; முதல் மெக்கானிக் சொன்னதே சரியாகியிருக்கும். எதையும் உவமையாக்கிவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

ரிட்டயர்டு தமிழாசிரியர் ஒருவர் மட்டும் சரியான இடத்தில் பிடித்தார். "ஹோஸ் எப்படிக் கெட்டதுன்னு சொல்லிட்டே. அது ஏன் உன் வண்டியில, அந்தப் பாட்டி வந்த அன்னைக்கு?" நியாயமான கேள்வி. ரப்பருக்கு வயசு, பாட்டிக்கு நேர்த்திக்கடன், இரண்டும் ஒரே நாளில் வந்தன என்றேன். அவர் விடவில்லை. "அந்த ரெண்டையும் ஒரே நாள்ல கொண்டாந்து சேர்த்தது யாரு? அடுத்த மாசம் வா, சித்தியாரிலேயே காட்டறேன்."

அடுத்த மாதம் அந்த ஞாயிறு அமாவாசை. மேல்மலையனூருக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டேன்.