கதவைச் சாத்துவது யார் வேலை?

ஈப்போவைச் சுற்றி, சிம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கமெல்லாம், பழைய ரப்பர் தோட்டங்களை ஒட்டி ஒன்றோ இரண்டோ ஏக்கர் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாலு வாழை, ஒரு ரம்புத்தான், கொஞ்சம் மரவள்ளி, பத்துப் பதினைந்து கம்பத்துக் கோழி. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை. இவர்களிடம் போய், கோழியை அடைத்து வளர்க்க வேண்டுமா மேயவிட வேண்டுமா என்று கேட்டால், இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "வெளிய விட்டா உடும்பு தூக்கிடும், மூசாங் தூக்கிடும், மிச்சத்த நாய் பாத்துக்கும்" என்பது ஒரு கட்சி. "அடைச்சு வச்சா அது கோழியா? அதுக்குக் கடையிலயே வாங்கிட்டுப் போயிடலாமே" என்பது இன்னொரு கட்சி.

இதைக் கோழி வளர்ப்பு பற்றிய கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. ஓர் உயிரை நம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகு, அதன் பாதுகாப்புக்காக அதன் வாழ்க்கையில் எவ்வளவை எடுத்துவிடலாம் என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. 'பாதுகாப்பு', 'சுதந்திரம்' என்று இரண்டு பெரிய வார்த்தைகளை வைத்துக்கொண்டு சண்டை போடும்போது, மூன்றாவதாக ஒன்று காணாமல் போகிறது. வெளியே ஆபத்து இருக்கிறது, சரி. அதைத் தடுப்பதற்கான விலையைக் கொடுப்பது யார்?

முதலில் கூண்டைப் பார்த்துவிடலாம். நான் படித்தது பொறியியல் என்பதால் எதையும் 'இது எப்படி உடையும்' என்று பார்க்கும் பழக்கம் உண்டு. கடையில் கோழிக்கம்பி என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் லாயக்கு. வெளியே இருந்து வருவதை அது நிறுத்தாது. நாய் பிய்த்துவிடும். சின்ன மலைப்பாம்பு கண்ணி வழியாகவே நுழைந்து, ஒரு கோழியை விழுங்கி, வயிறு வீங்கி, வந்த வழியில் திரும்பிப் போக முடியாமல் காலையில் அங்கேயே சுருண்டு கிடக்கும். பாம்பு பிடிக்க ஆள் வருகிற செய்திகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். மேயும் கோழிக்குப் பறக்க மரம் உண்டு, ஓடப் புதர் உண்டு. அடைபட்ட கோழிக்கு நான்கு மூலைகள்தான். மூசாங் உள்ளே புகுந்துவிட்டால் ஒன்றோடு நிறுத்தாது. ஆக, மோசமாகக் கட்டிய கூண்டைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஆபத்தை ஒரே இடத்தில் குவித்து வைப்பதுதான் அது. அடித்தளம் போட்டு, கம்பியை மண்ணுக்குள் ஓரடி இறக்கி, அரை அங்குலக் கண்ணியுள்ள பற்றவைத்த வலை அடித்தால்தான் அதைக் கூண்டு என்று சொல்லலாம். அதற்குக் காசு ஆகும். 'பாதுகாப்புக்காக அடைத்து வைக்கிறேன்' என்று சொல்பவர்களில் எத்தனை பேர் அந்தக் காசைச் செலவழித்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

நன்றாகக் கட்டிய கூண்டு என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே தீனி, தண்ணீர், நிழல் எல்லாம் உண்டு. இனி கோழிக்கு என்ன குறை?

இதைக் கோழியிடமே கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1964இல் ரூத் ஹாரிசன் பண்ணை விலங்குகளைப் பற்றி எழுதிய புத்தகம் பெரிய கலக்கத்தை உண்டாக்கியது. அரசாங்கம் பிராம்பெல் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, இறகைக் கோதிக்கொள்ள, கை கால் நீட்ட விலங்குக்கு இடம் வேண்டும் என்று அந்தக் குழு 1965இல் சொன்னது. எவ்வளவு சின்னப் பட்டியல்! இதைக் கேட்கவே ஒரு குழு தேவைப்பட்டிருக்கிறது. கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பி கூடாது, காலுக்கு வலிக்கும் என்றும் குழு சொன்னது. பிறகு 1973இல் இரண்டு ஆய்வாளர்கள் கோழிகளுக்கு இரண்டு வகைத் தரையையும் காட்டி, எதில் போய் நிற்கின்றன என்று பார்த்தார்கள். குழு வேண்டாம் என்று சொன்ன அதே மெல்லிய கம்பியைத்தான் கோழிகள் தேர்ந்தெடுத்தன. நல்ல மனதோடு யோசித்த பெரிய மனிதர்கள் கோழியின் காலை வைத்து யோசிக்கவில்லை.

இதைச் சொன்னால், 'அப்போ கூண்டுதான் அதுக்குப் பிடிக்குதுன்னு வச்சுக்கலாமே' என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் ஒரு பரிசோதனை உண்டு. 1977இல் மரியன் டாக்கின்ஸ், கூண்டிலேயே வளர்ந்த கோழிகளுக்குக் கூண்டும் வெளியே ஒரு புல்வெளியுமாக இரண்டைக் காட்டினார். முதலில் அவை கூண்டுப் பக்கமே போயின. வெளியே கொஞ்சம் பழகிய பிறகு வெளியைத் தேர்ந்தெடுத்தன. என்னை நிறைய நேரம் யோசிக்க வைத்தது இந்தச் சோதனைதான். பழகிப்போனதை விருப்பம் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! இன்னொரு ஆய்வில், கோழிகளின் மூதாதையான காட்டுக்கோழிகள், தீனி வைத்தும்கூட, விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதியைத் தரையைக் கொத்துவதிலும் கிளறுவதிலும் கழிப்பதை அவர் பதிவு செய்தார். கிளறுவது வயிற்றுக்காக மட்டும் நடக்கும் வேலை இல்லை. அதுதான் கோழியின் பகல். தட்டில் தீனி போட்டுவிட்டு 'இனி உனக்குக் கிளற வேண்டிய அவசியமில்லை' என்று சொல்வது, வேலையிலிருந்து விடுதலை கொடுப்பதுபோல் தோன்றும். கோழிக்கு அது பகலையே பிடுங்கிக்கொண்டதாகத்தான் இருக்கும்.

"கடைசியில வெட்டத்தானே போறோம், அப்புறம் என்ன இவ்வளவு?" இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நம் தோட்டத்து வழக்கத்திலேயே இதற்கு ஒரு பதில் கிடக்கிறது. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலின் முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாள் வரும்வரை அதை யாரும் கட்டமாட்டார்கள், கல்லெடுத்து அடிக்கமாட்டார்கள். அடுத்த வீட்டு முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் கொத்தினாலும் "சாமி சேவல்" என்று விட்டுவிடுவார்கள். பலி கொடுப்பது சரியா என்பது வேறு விவாதம். முடிவு தெரிந்திருப்பதால் நடுவில் இருக்கும் நாட்களுக்கு மதிப்பில்லை என்று நம் ஆட்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி வேலிக்கு வருகிறேன். மனிதர்களையும் கோழிகளையும் பக்கத்தில் வைப்பது சிலருக்கு இழுக்காகத் தெரியலாம். நான் ஒப்பிடுவது உயிர்களை அல்ல, அடைப்பதற்குச் சொல்லப்படும் காரணத்தை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது, 1960வரை நீடித்தது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் புதுக்கிராமங்கள் உருவான கதை எல்லாருக்கும் தெரியும். தோட்டங்களிலும் அதே காலத்தில் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து முள்வேலி போட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வாசலில் காவல், ஊரடங்கு, வேலைக்குப் போகிறவர்களிடம் சோதனை, வெளியே சோறு கொண்டுபோகக் கட்டுப்பாடு. சொன்ன காரணம் தொழிலாளர்களின் பாதுகாப்பு. சொல்லாத காரணம், காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போகக் கூடாது. இரண்டுமே உண்மைதான். வேலிக்குள் நிம்மதியாகத் தூங்கியவர்களும் இருந்திருப்பார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான விலையைச் செலுத்தியது வேலிக்குள் இருந்தவர்கள். பால் நன்றாக இறங்குவது விடியற்காலையில். வெயில் ஏற ஏறக் குறையும். வாசல் எப்போது திறக்க வேண்டும் என்பதை மரம் சீவுகிறவர் தீர்மானிக்கவில்லை.

அதனால்தான் 'உன் நல்லதுக்குத்தான்' என்று யார் சொன்னாலும், கோழியைப் பார்த்துச் சொன்னாலும்கூட, கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேயவிடும் கட்சிக்கும் இந்தக் கணக்கு உண்டு. கோழியைத் திறந்துவிட்டு 'பார், எவ்வளவு சுதந்திரம்' என்று பெருமைப்படுகிறவர் வீட்டுக்கோழி, பக்கத்து வீட்டு அக்கா போட்ட கீரைப் பாத்தியைத்தான் கிளறுகிறது. சுதந்திரம் இவருடையது, செலவு அக்காவுடையது. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைக்கு மருந்தடித்திருந்தால், அதற்குள் மேயும் கோழியின் முட்டையை நம் பிள்ளை சாப்பிடும். பாராகுவாட் களைக்கொல்லிக்கு இந்த நாட்டில் முழுத்தடை வந்ததே 2020இல்தான். நோயும் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் கோம்பாக்கில் பறவைக் காய்ச்சல் வந்து, மார்ச்சில் பேராக்கிலும் தெரிந்தபோது, சுற்றுவட்டாரக் கோழிகளைக் கொன்று புதைத்தார்கள். திறந்துவிட்ட கோழியின் நோய் திறந்துவிட்டவரோடு நிற்காது. ஆனால் இதைச் சொல்லி எல்லாவற்றையும் அடைக்கச் சொல்பவர்களுக்கு, ஈப்போ பக்கத்திலேயே 1998இல் தொடங்கிய நிப்பாவை நினைவுபடுத்த வேண்டும். அது மேய்ச்சல் விலங்கிடம் வரவில்லை. பெரிய பன்றிப் பண்ணைகளில், பழமரத்தடியில், வௌவாலிடமிருந்து வந்தது. அங்கிருந்து லாரியேறி நெகிரி செம்பிலான் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள், சுமார் பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. நெருக்கி அடைப்பதும் நோய்க்குக் கதவு திறப்பதுதான்.

இந்த முட்டுச்சந்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. தோட்டத்தில் 'கோழிச்சீக்கு' என்று பொதுவாகச் சொல்வதில் பெரும்பங்கு நியூகாசில் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். வந்தால் கூட்டமே போய்விடும். பண்ணைக்கோழிக்குத் தடுப்பூசி சுலபம், எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். மேயும் கம்பத்துக் கோழியை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்து ஊசி போடுவது யார்? மருந்துக்குக் குளிர்பெட்டியும் வேண்டும். 'அப்போ அடைச்சுத்தான் வளர்க்கணும்' என்று முடித்திருக்கலாம். 1980களில் செர்டாங்கில், அப்போது வேளாண் பல்கலைக்கழகமாக இருந்த இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், ஐனி இட்ரிஸ், லத்திப் இப்ராஹிம் ஆகியோர் குவீன்ஸ்லாந்தின் பீட்டர் ஸ்ப்ராட்புரோவோடு சேர்ந்து வேறு வழி தேடினார்கள். வெயிலைக் கொஞ்சம் தாங்கக்கூடிய வி4 என்ற தடுப்பு மருந்தைத் தீனியின் மேல் பூசினார்கள். தீனியை முற்றத்தில் தூவினால் போதும், கோழி வந்து கொத்திக்கொள்ளும். எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. பிறகு பல இடங்களில் கண்ணில் சொட்டு விடும் முறைக்குப் போனார்கள். எனக்கு முக்கியம் அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பது. கோழியை மருந்துக்கு ஏற்றபடி மாற்றாமல், மருந்தைக் கோழிக்கு ஏற்றபடி மாற்ற முயன்றிருக்கிறார்கள். கஷ்டத்தை வளர்ப்பவர் பக்கம், ஆய்வாளர் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கில் பார்த்தால் இரவுக் கூண்டு வேறு, பகல் கூண்டு வேறு. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, பொழுது சாயும்போது தானாகவே அடையப் போகும். பஞ்சாரம் கவிழ்த்த காலத்திலிருந்தே நம் ஆட்களுக்கு இது தெரியும். ஈப்போவில் வருஷம் முழுக்க ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் இடையில் இருட்டிவிடும். அப்போது கதவைச் சாத்துவதால் கோழி எதையும் இழக்கவில்லை. இழப்பது நாம்தான். மழையானாலும், உறவுக்காரர் கல்யாணமானாலும், நாடகம் முக்கியமான கட்டத்தில் இருந்தாலும், ஒருவர் எழுந்து போய்ச் சாத்த வேண்டும். விடிந்ததும் திறக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் பாட்டியோ அம்மாவோதான் என்பதையும் இந்தக் கணக்கில் எழுதியாக வேண்டும். 'நான் கோழியைச் சுதந்திரமாக வளர்க்கிறேன்' என்று சொல்லும் ஆண்களில் பலர் கதவைச் சாத்தியதே இல்லை. ஒளி உணர்ந்து தானாக மூடும் கதவு செய்யலாம், பாகங்கள் நூறு ரிங்கிட்டுக்குள் முடியும். என் வயதுப் பொறியாளர் யாரும் முதலில் அதைத்தான் யோசிப்பார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் எத்தனை உள்ளே வந்திருக்கின்றன என்று அந்தக் கதவு எண்ணிப் பார்க்காது.

எண்ணினால் சில நாள் ஒன்று குறையும். சுங்கை சிப்புட் பக்கம் என் சித்தப்பா வீட்டில் ஒரு கருத்த பெட்டை இருக்கிறது. மற்றவை கூண்டுக்குள் போகும்போது அது மட்டும் ரம்புத்தான் மரத்தில் ஏறிக்கொள்ளும். இறக்கி உள்ளே விட்டால், மறுநாள் இன்னும் உயரமான கிளைக்குப் போகும். சித்தப்பா விட்டுவிட்டார். "அதுக்கு மரம் புடிச்சிருக்கு, நான் என்ன பண்றது?" என்கிறார். சின்னம்மா ஏணியைச் சாத்தி இறக்கத்தான் வேண்டும் என்கிறார், போன வருஷம் ஒன்றை அதே மரத்திலிருந்து பாம்பு எடுத்ததைப் பார்த்தவர் அவர். நான் சின்னம்மா கட்சி. ஏணியைப் பிடித்துக்கொள்வதும் நான்தான். ஆனால் டார்ச் வெளிச்சத்தில் அது கிளையை இறுக்கிப் பிடித்திருக்கும் காலைப் பார்க்கும்போது, கை நீட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஆகிவிடுகிறது.