இரண்டரை மில்லிமீட்டர்

மூன்று வருடங்களுக்கு முன் மதுரையில் ஒருவரிடம் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி, விருதுநகர் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நாலு கம்பி, முதுகை முறிக்கிற கனம். வாசிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் இடது கை விரல் நுனிகள் சிவந்துவிடும். கம்பி அத்தனை உயரத்தில் நின்றது.

பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயில் பக்கம் நடக்கிற மெல்லிசைக் கச்சேரிகளில் இருபது வருசமாக பேஸ் வாசிக்கும் ஒரு அண்ணனிடம் காட்டினேன். இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, “வலிக்கத்தான் தம்பி செய்யும். விரல் காய்ச்சுப் போகட்டும், அப்புறம் ஒண்ணும் தெரியாது” என்றார். எனக்குப் பழக்கமான பதில்தான். கணக்கு வாத்தியாரிலிருந்து முதல் மேனேஜர் வரைக்கும் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். வலித்தால் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம்.

ஆனால் பொறியியல் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வலி என்றால் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பான். ஸ்டீல் ஸ்கேலைப் பன்னிரண்டாவது பிரெட்டில் நிறுத்தி, பிரெட்டின் தலைக்கும் தடித்த கம்பியின் அடிவயிற்றுக்கும் நடுவே அளந்தேன். நாலரை மில்லிமீட்டர். இந்த உயரத்தைத்தான் வாத்தியக்காரர்கள் ஆக்‌ஷன் என்கிறார்கள். பேஸில் தடித்த கம்பிக்கு இரண்டரை, மெல்லிய கம்பிக்கு இரண்டு என்பது பொதுவாக வசதியான அளவு. ஆக, நான் தினமும் அனுபவித்துக்கொண்டிருந்த சாதனையில் பாதி, யாரோ ஒருவர் திருப்பாமல் விட்ட திருகாணி.

வீட்டிலேயே சரிசெய்யலாம், பெரிய வித்தை இல்லை. முதலில் சுருதி சேர்க்க வேண்டும். நாலு கம்பியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ எடைக்கு இணையாகக் கழுத்தை இழுக்கின்றன. அந்த இழுப்பு இல்லாமல் அளந்தால் அளவே பொய். பிறகு கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் அழுத்திப் பிடித்து நடுவில் பார்க்க வேண்டும். கழுத்து லேசாக, ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்குக் குழிந்திருக்க வேண்டும். அதிகமாகக் குழிந்திருந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று முறுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரே நாளில் கூடாது. மறுபடி சுருதி, மறுபடி அளவு. கடைசியில்தான் பிரிட்ஜில் உள்ள சின்னத் திருகாணிகளை ஆலன் கீயால் இறக்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் எல்லா பிரெட்டிலும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

நாலரை நாலாயிற்று, நாலு மூன்றாயிற்று. விரலுக்கு வேலையே இல்லை, தொட்டால் பேசியது. இன்னும் இறக்கினால் இன்னும் வேகம் வருமே என்ற ஆசையில் இறக்கிக்கொண்டே போனேன். இரண்டுக்குக் கீழே வந்தபோது ஐந்தாவது பிரெட்டில் கம்பி ‘கிர்ர்ர்’ என்றது. அதிரும் கம்பி அடுத்த பிரெட்டின் தலையில் உரசுகிறது. பேஸ் கம்பி தடித்தது, மெதுவாக, அகலமாக அசைவது. அதற்கு ஆட இடம் வேண்டும். இடத்தைத் திருடினால் அது உடனே புகார் சொல்லும். அரைச் சுற்று ஏற்றினேன். சத்தம் நின்றது.

இதே உரசல் தம்புராவில் வேண்டுமென்றே வரவழைக்கப்படுவது. குதிரையில் கம்பிக்கு அடியில் ஒரு பருத்தி நூலை நுழைத்து, நகர்த்தி நகர்த்தி, ரீங்காரம் எழுகிற இடத்தில் நிறுத்துவார்கள். அந்த நூலுக்கு ஜீவா என்றே பெயர். ஆக, உரசல் தானாகக் குற்றமல்ல. எங்கே, எவ்வளவு, யாருக்குத் தெரிந்து என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் புத்தர் சோணனுக்குச் சொன்ன வீணை உவமை நினைவுக்கு வரும். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, பாதம் வெடித்து ரத்தம் வரும்வரை நடந்து நடந்து தவம் செய்தவன். அவன் வீணை வாசித்தவன் என்பதால் அவனிடமே கேட்கிறார்: கம்பியை மிகவும் இறுக்கினால் ஒலிக்குமா, மிகவும் தளர்த்தினால் ஒலிக்குமா? நடுவில் நிறுத்து என்பது பாடம். அழகான பாடம்தான். ஆனால் அதில் சொல்லாமல் விட்ட ஒரு வசதி இருக்கிறது. சோணனின் கதையில் கம்பியை முறுக்குகிற கையும் வாசிக்கிற கையும் ஒன்று. என் மாடியிலும் அப்படியே. தப்பாக இறக்கினால் கேட்பது என் காது, ஏற்றினால் வலிப்பது என் விரல், திருத்த ஆகும் செலவு அரைச் சுற்று. அப்படிப்பட்டவனுக்கு நடுவழி சுலபம்.

எங்கள் மாவட்டத்தில் ‘உராய்வு’ என்ற சொல்லைப் படிக்காமல் யாரும் வளர முடியாது. “மருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வினால்” என்று தொடங்கும் செய்தியைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்க்கிறோம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததும், மழையில்லாத இந்தக் காய்ந்த பூமி அதற்குத் தோதாக இருந்ததும், பிறகு பட்டாசு வந்ததும் இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்லும் வரலாறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் போனார்கள். காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். இவையும் அதே வரலாறுதான்.

பட்டாசு ஆலைக்கான விதிகளைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் இடைவெளிகள்தான். அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம். ஓர் அறையில் நான்கு பேர். இவ்வளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது. மரத்தடியில் வைத்துச் செய்யக் கூடாது. எல்லாமே கம்பி ஆட விட்ட இடம்.

அந்த இடத்தை ஒருவர் குறைக்கும்போது சத்தம் வருவதில்லை. நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் ஆறு பேர் உட்கார்ந்த அன்று ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஆகாது. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும், இது போதும் என்பதற்குச் சாட்சியாகச் சேர்ந்துகொண்டே போகும். கிட்டாரில் தப்பு முதலில் முனகுகிறது. மருந்து அறையில் முதல் சத்தமே கடைசிச் சத்தம். அதனால்தான் அங்கே எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். முனக முடியாத பொருளுக்குப் பதிலாக முனகுவதுதான் விதியின் வேலை.

இதை ஒருமுறை எங்கள் மதினியிடம் ஆர்வமாக விளக்கினேன். சிவகாசிப் பக்கம் ஓர் ஆலையில் திரி சொருகுகிறவர். எண்ணிக்கைக்குத்தான் கூலி. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாலு பேருதான் உக்காரணும்னா அஞ்சாவது ஆளு வீட்டுக்குப் போகணும்ல. அந்த அஞ்சாவது ஆளு நானா இருந்தா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அதுவரை என் மனதில், விதி தெரியாதவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள் என்றுதான் ஒரு படம் இருந்தது. மதினிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. மெதுவாகச் செய்யுங்கள், கவனமாகச் செய்யுங்கள் என்று எண்ணிக்கைக் கூலிக்காரரிடம் சொல்வதும், நாலரை மில்லிமீட்டர் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு விரல் காய்க்கட்டும் என்பதும் ஒன்றுதான். அவர் கை வேகமாகத்தான் போகும். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

அப்படியானால் தெரிந்தே ஒத்துக்கொண்டார், அவர் தேர்வு என்று விட்டுவிடலாமா? சிலர் அப்படித்தான் வாதிடுகிறார்கள். ஆனால் மதினியின் கையில் ஆலன் கீ இல்லை. இந்த உயரத்தில் வாசிக்கிறாயா, வாசிக்காமல் இருக்கிறாயா என்பது மட்டும்தான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. திருகாணிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலியில், தீபாவளி என்ற தள்ளிப்போட முடியாத தேதியில், உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை இன்னொருவர் கையிலுமாக நடக்கும் உள்குத்தகையில், போன வருடத்தைவிட மலிவாகப் பெட்டி தேடுகிற என்னிடமும். இவர்கள் யாரும் அந்த அறையில் உட்காருவதில்லை.

என் தொழிலில் தீ இல்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சோதனைகளில் பாதியைத் தள்ளிவிட்டு ஒரு மாற்றத்தை ஏற்றிவிட்டுப் போனேன். பலமுறை செய்ததுதான், ஒன்றும் ஆனதில்லை. அன்று இரவு இரண்டு மணிக்கு அது விழுந்தது. எழுந்து உட்கார்ந்தது நான் இல்லை, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பெண். திங்கட்கிழமை நடந்த கூட்டத்தில் அவள் ஏன் தாமதமாகக் கவனித்தாள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கச் சில நிமிடங்கள் ஆயின. அந்தச் சில நிமிடங்கள் இப்போதும் உறுத்துகின்றன. நான் இறக்கியது என் கம்பியை இல்லை.

போன பங்குனிக்கு முன்னால் அந்தக் கச்சேரி அண்ணன் தன் பேஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “நீதான் இப்ப மெக்கானிக்காமே, பாரு” என்றார். அளந்தால் நாலு மில்லிமீட்டர். கை ஆலன் கீக்குப் போனது. நிறுத்திவிட்டு, வாசித்துக் காட்டுங்கள் அண்ணே என்றேன். வாசித்தார். கம்பியைப் பறிக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். திருவிழா மேடையில் தவிலுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் தன் சத்தம் தனக்கே கேட்க அப்படி அடித்து அடித்துப் பழகிய கை. இரண்டரைக்கு இறக்கியிருந்தால் எல்லா பிரெட்டும் கிர்ர்ர் என்றிருக்கும். அவர் கைக்கு அவர் உயரம் சரி. அதை எனக்கும் விதியாகச் சொன்னதில்தான் தப்பு. என் இரண்டரையை நான் அவருக்கு விதித்திருந்தாலும் அதே தப்புதான்.

கால் மில்லிமீட்டர் இறக்கி, “இப்ப?” என்றேன். வாசித்தார். இன்னும் கொஞ்சம் என்றார். இறக்கினேன். தலையாட்டி, வேண்டாம், பழையபடி ஏத்து என்றார். ஏற்றினேன். ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. திருகாணி என் கையில் இருந்தது, வாசித்தது அவர், எங்கே நிறுத்துவது என்று சொன்னதும் அவர். சாயங்காலம் மதினி வந்திருந்தார், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இம்புட்டு நேரம் கேட்டுக் கேட்டா செய்வீக?” என்றார்.