அறிந்தவர் வாளாவிருக்கலாமா?



நுகேகொடையில் குடியிருக்கும் எங்களுக்குக் கடல் கண்ணில் படுவதில்லை. வெள்ளவத்தையில் உள்ளவர்களுக்குப் புகையிரதப் பாதையைத் தாண்டினால் கடல். கொட்டாஞ்சேனைக்குத் துறைமுகம் அயல். எங்களுக்கோ சந்தை இரைச்சலும் பஸ் இரைச்சலுந்தான். ஆயினும் நீர்கொழும்பிலோ மன்னாரிலோ முல்லைத்தீவிலோ ஓர் உறவினராவது இல்லாத குடும்பம் நம்மிடையே மிகச் சிலவே. ஆகவே கடலைப் பற்றிய ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். அபாயம் வருவதை அறிய வழியிருந்தும் அறியாமலும், அறிந்தும் பிறருக்கு அறிவியாமலும் இருப்பவர் குற்றமற்றவரா?

2004 டிசம்பர் 26ஆம் திகதியை நாம் மறக்கவில்லை. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. அன்று காலை நம் நாட்டு நேரப்படி 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. கண்டிக்கு அண்மையில், பல்லேகலையிலுள்ள நிலநடுக்கப் பதிவுக் கருவி சில நிமிடங்களில் அதைக் குறித்துக்கொண்டது. அலை நம் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சென்றது. அவ்வளவு நேரமும் வீணாயிற்று. கருவி அறிந்ததைக் கரைக்கு எடுத்துச் சொல்லும் ஒழுங்கு அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. இத்தீவில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். “எங்களுக்குத் தெரியாது” என்று அன்று சொன்னவர்கள் உண்மையையே சொன்னார்கள்.

இன்று அப்படிச் சொல்லலாமா? ஆழ்கடலின் அடியில் இப்போது அமுக்கமானிகள் இருக்கின்றன. தன்மேல் நிற்கும் நீரின் பாரத்தை ஒவ்வொன்றும் ஓயாமல் அளக்கிறது. நடுக்கடலில் ஆழிப்பேரலை கப்பலில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்திலுள்ள இக்கருவி, சில சென்ரிமீற்றர் ஏற்றத்தையும் உணர்ந்துவிடும். உணர்ந்ததை ஒலியாக மேலேயுள்ள மிதவைக்கு அனுப்பும். மிதவை செய்மதிக்கும், செய்மதி கரையிலுள்ள நிலையத்துக்கும் அனுப்பும். சாதாரண நாட்களில் இடைவெளி விட்டே செய்தி வரும். மாற்றம் கண்டால் கருவி தானாகவே விரைந்து செய்தி தரும். கரையில் இருப்பவரும் ஆணையிட்டு அதை விரைவுபடுத்தலாம். இந்தியாவின் எச்சரிக்கை நிலையம் 2007இல் ஐதராபாத்தில் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்களும் சமுத்திரத்தைச் சூழ்ந்த ஏனைய நாடுகளுக்குத் தகவல் தருகின்றன. அதை இங்குள்ள மக்களுக்கு அறிவிப்பதற்கு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் உண்டு.

“அப்படியானால் கருவி பார்த்துக்கொள்ளும், நமக்கென்ன?” என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நாம் தவறுகிறோம். காவலைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது. மிதவையின் கீழ் மீன் கூடும். மீன்பிடிப்போர் அதில் படகைக் கட்டுவதாலும், சிலர் பாகங்களைக் கழற்றிச் செல்வதாலும் பல மிதவைகள் பழுதாகியுள்ளன. கழற்றியவன் கொடியவன் அல்லன். நடுக்கடலில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளென்று எண்ணிவிட்டான். ஆனால் எங்கோ ஒரு கரையில் உறங்கும் குழந்தைக்கு உரிய பொருள் அது. பயம் தணிந்ததும் பராமரிப்புப் பணத்தை மறந்துவிடும் அரசுகளும் அவனைவிட மேலானவை அல்ல. இந்தோனேசியாவின் மிதவைகள் 2012 முதலே செயலற்றுக் கிடந்தன என்பது, 2018 செப்டெம்பரில் பாலு நகரை அலை அழித்த பின்னரே பலருக்குத் தெரியவந்தது. அங்கே அலை சில நிமிடங்களில் வந்துவிட்டதால், மிதவைகள் இருந்திருந்தாலும் பெரிதும் உதவியிருக்காது. ஆயினும் ஆறு வருடங்களாகக் காவல் இல்லாதிருந்ததற்கு அது சமாதானமாகாது.

இன்னொரு தவறும் உண்டு. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, நம் கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். பேரலை வரவில்லை. நிலம் மேலெழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே அதற்குக் காரணம். இப்படியான வேளைகளில் எச்சரித்தவரைப் பரிகசிப்பது நம்மில் சிலருக்கு வழக்கம். ஒரு பிற்பகல் வீணானதை நட்டமாகக் கணக்கிட்டால், அடுத்த முறை கூப்பிடுபவர் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு நாமே பொறுப்பாளிகள்.

முடிவாக, புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தை நினைவூட்டுகிறேன். 2004இல் அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தி கண்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். கடல்நிலையை அறிவிப்பதற்காக ஊரில் வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். சனங்கள் விலகிச் சென்றார்கள், உயிர்கள் தப்பின. ஊருக்கு எச்சரிக்கை அனுப்பியது கடலடிக் கருவியல்ல. தூரத்தில் இருந்தும் வாளாவிராத ஒரு மனிதர்.

கடல் தெரியாத இடத்தில் இருக்கும் நாமும் அவரைப் போன்றவர்களே. எச்சரிக்கை வந்தால் கரையிலுள்ள எந்த உறவினரை, எந்த அயலவரை முதலில் அழைப்பது? அந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, இன்றிரவே வீட்டில் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.