கொடுக்காமல் போன ஐம்பது மெட்டிக்கால்

மொசாம்பிக்கின் வடக்கே, நம்புலாவிலிருந்து குவாம்பாவுக்குப் போகும் ரயிலில் நான் ஒரு கடன் பட்டேன். தொகை ஐம்பது மெட்டிக்கால். நம் ஊரில் ஒரு நல்ல சாப்பாட்டுக்குக்கூடப் போதாத பணம். ஆனால் ஒழுக்கம் பற்றி நான் படித்த புத்தகங்கள் சொல்லித் தராத ஒன்றை அந்தக் கடன் எனக்குச் சொல்லித் தந்தது.

விடியும் முன்பே புறப்படும் அந்த ரயில், சுமார் 350 கிலோமீட்டரைக் கடக்கப் பகல் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இருபுறமும் சமவெளியிலிருந்து திடீரென எழும் கருங்கல் குன்றுகள். வழியில் ரிபாவே, மலேமா, முத்துவாலி என்று சிற்றூர்கள். ரயில் நிற்குமுன்னே பெண்கள் ஓடி வருகிறார்கள். தலையில் பேசின், அதில் வாழைப்பழம், வேர்க்கடலை, அவித்த முட்டை, வெங்காயம், பூண்டு. இடுப்பில் கப்புலானா என்னும் அச்சிட்ட துணி; முதுகில் அதே துணியில் கட்டிய குழந்தை. பல இடங்களில் நடைமேடை கிடையாது. அவர்கள் தரையில் நின்று கைகளை உயர்த்துகிறார்கள். நாம் ஜன்னலிலிருந்து குனிந்து வாங்குகிறோம். பொருள் முதலில் மேலே போகும். பணம் பிறகு கீழே வரும்.

மலேமாவைத் தாண்டி ஒரு சிறு நிறுத்தத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் கேட்டேன். ஒரு பெண் தூக்கிக் கொடுத்தாள். என்னிடம் பெரிய நோட்டுகள்தான் இருந்தன. சில்லறைக்காகப் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது ரயில் நகர்ந்தது. அவள் சில அடி ஓடினாள். பிறகு நின்றுவிட்டாள். பெரிய நோட்டையே வீசியிருக்கலாம். அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்த கணத்தில் கை தயங்கியது. அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த நிறுத்தத்தில் வேறொரு பெண்ணிடம் நூறு மெட்டிக்கால் கொடுத்தேன். பதிலுக்கு எதுவும் வாங்கவில்லை. மனம் லேசானது. பட்டதற்கு இரண்டு மடங்காகக் கொடுத்துவிட்டேன் அல்லவா? என் எதிரே குவாம்பாவில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்: “மனா, நீங்கள் இவளுக்குக் கடன்படவில்லையே.” மனா என்றால் அக்கா. அந்த மரியாதைச் சொல்லோடு வந்ததால் வாக்கியம் இன்னும் ஆழமாகத் தைத்தது.

தருமத்துக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தருமம் செய்கிறவருக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. யாருக்குக் கொடுத்தாலும் அது தருமம்தான். கொடுப்பவர் கை எப்போதும் மேலேயே இருக்கும். கடன் அப்படியல்ல. அது ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு உரியது. வாங்கிக்கொள்பவர் நன்றி சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் உரிமை அவருடையது. அந்த நூறு மெட்டிக்காலால் நான் என் கடனைத் தீர்க்கவில்லை, தருமமாக மாற்றிக்கொண்டேன். ஓடி நின்றவளிடமிருந்து அவளுடைய உரிமையை எடுத்து, என் கருணையாக இன்னொருத்தியிடம் கொடுத்தேன். இதைச் செய்ய முடிந்ததன் காரணம் ஒன்றுதான்: என் பார்வையில் அந்த இருவரும் ஒருவரே. தலையில் பேசின் சுமக்கும் ஆப்பிரிக்கப் பெண்.

குவாம்பா, நியாசா மாகாணத்தின் ரயில் சந்திப்பு. போர்ச்சுகீசியர் காலத்தில் அதன் பெயர் நோவா ஃப்ரெய்ஷோ. கிழக்கே கடல், மேற்கே மலாவி எல்லை, வடக்கே லிச்சிங்கா என மூன்று பக்கம் தண்டவாளம் பிரிகிறது. அகலமான தெருக்கள், புழுதி, சைக்கிள்கள், கப்புலானா தொங்கும் கடைகள். எடுப்பான பூ அச்சுத் துணிகளைப் புரட்டிப் பார்த்தால் இந்தியாவில் அச்சான துணியும் அவற்றில் இருக்கிறது. இரவில் நிலக்கரி ரயில்கள் கடந்துபோகின்றன. மேற்கே மொவாத்தீசேயில் வெட்டிய கரி, மலாவியைக் குறுக்கே கடந்து, இந்த ஊர் வழியாக நக்காலா துறைமுகத்துக்குப் போகிறது. அந்தச் சுரங்கத்தை 2022இல் வாங்கியது ஓர் இந்தியத் தொழில் குழுமம். வாழைப்பழக்காரிக்கு மட்டும்தான் நான் கடன்பட்டிருக்கிறேனா என்று விடுதி அறையில் படுத்தபடி யோசித்தேன். கரி ரயில் யாருக்காகவும் ஜன்னல் திறப்பதில்லை.

காலனியக் காலத்தில் இந்நாட்டின் தண்டவாளங்களும் சாலைகளும் ஷிபாலு என்ற கட்டாய உழைப்பின்மேல் எழுந்தவை. ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1938 முதல் 1961 வரை பருத்தி விளைவிப்பதும் கட்டாயம். வடக்கில் அந்தச் சுமையின் பெரும்பகுதி பெண்கள்மேல் விழுந்தது. பருத்திக்குச் செலவிட்ட நேரம் சோளத்துக்கும் மரவள்ளிக்கும் இல்லாமல் போனது. கம்பெனி சொன்ன விலைக்குப் பருத்தி போனது. வீட்டில் பட்டினி வந்தது. வரலாற்றாசிரியர் ஆலன் ஐசக்மன் இதைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே ‘பருத்தியே வறுமையின் தாய்’ என்று பொருள்படும். அந்தப் பெண்களிடமிருந்து எடுத்ததை யாரும் கடன் என்று எழுதி வைக்கவில்லை. 1975இல் விடுதலை வந்த பிறகும், 1992இல் உள்நாட்டுப் போர் ஓய்ந்த பிறகும், வெளியிலிருந்து வந்தது பெரும்பாலும் ‘உதவி’ என்ற பெயரில்தான் வந்தது. நான் ஜன்னலில் செய்ததும் அதே வித்தைதான், அளவில் சிறியது.

இந்த இடத்தில் நம்மைப் போன்ற பெண்ணியவாதிகளுக்கு ஒரு வழுக்கல் உண்டு. சுமக்கும் பெண்ணைக் கண்டதும் இரக்கப்படுகிறோம். இரக்கம் அவளைச் சரியாகப் பார்க்க விடுவதில்லை. அங்கே வாழும் மக்குவா மக்கள் தாய்வழியினர். மணமானதும் ஆண் மனைவியின் ஊருக்குப் போவதே பழைய வழக்கம். பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். எண்பதுகளில் அந்நாட்டு மகளிர் அமைப்போடு வேலை செய்த டேனிஷ் ஆய்வாளர் சிக்னே ஆர்ன்ஃப்ரெட், உணவும் அதன் சேமிப்பும் மக்குவாப் பெண்களின் கையில் இருப்பது அவர்களுக்கு அதிகாரமாகவே இருக்கிறது என்று எழுதினார். அடுப்படி என்றாலே அடிமைத்தனம் என்று வெளியிலிருந்து முடிவு கட்டாதீர்கள் என்பது அதன் சாரம்.

அதற்காகத் தாய்வழி என்றால் பெண்ணாட்சி என்றும் பொருளல்ல. தாய்மாமன் சொல்லுக்கு அங்கே எடை அதிகம். சிறுமிகளுக்கு மணம் முடிப்பதும் வட மாகாணங்களில் பரவலாக இருக்கிறது. 1997 நிலச் சட்டமும் 2004 குடும்பச் சட்டமும் பெண்ணுக்குச் சம உரிமை கூறின. காகிதத்திலிருந்து வயலுக்கு அந்த உரிமை வந்து சேர நாளாகும். பேசின் சுமக்கும் பெண் பாவப்பட்டவளா, பலம் வாய்ந்தவளா என்ற கேள்வியே தவறு என்று அங்கேதான் எனக்குப் பட்டது. அவள் எனக்குப் பொருள் விற்றவள். அவளிடம் நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு தர வேண்டும் என்பதே.

நான்கு நாள் கழித்து அதே ரயிலில் திரும்பினேன். ஐம்பது மெட்டிக்காலைத் தனியாக மடித்துக் கையிலேயே வைத்திருந்தேன். அந்த நிறுத்தம் வந்தது. முப்பது நாற்பது பெண்கள் ஓடி வந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவள் முகம் எனக்குத் தெரியாது. பேசின் நினைவிருந்தது, நீல எனாமல், விளிம்பில் பெயர்ந்தது. நீட்டிய கைகள் நினைவிருந்தன. முகத்தை நான் பார்க்கவே இல்லை. யாருக்குக் கடன் என்று தெரியாத கடன்காரி நான்.

எனக்கு அவர்களைத் தெரியவில்லையே தவிர, அவர்களுக்கு என்னைத் தெரிந்திருந்தது. ஒரு சிறுமி என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ கத்தினாள், சுற்றிலும் சிரிப்பு. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் ஜன்னலடிக்கு வந்து, விரல்களை மடக்கி ‘ஐந்து, பத்து’ என்று காட்டினாள். ஐம்பது. கணக்கு ஊருக்கே தெரிந்திருக்கிறது. பிறகு குன்றின் பக்கம் கை நீட்டி “மஷாம்பா” என்றாள். அவள் இன்று வயலில் இருக்கிறாள். தன் மார்பைத் தொட்டு “இர்மா” என்றாள். சகோதரி. கையை உயர்த்தினாள்.

என் முதல் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்: இவள் உண்மையிலேயே அக்காதானா? பணம் அவளிடம் போய்ச் சேருமா? நம்மிடம் பெரியம்மா மகள் அக்கா ஆவதைப் போல அங்கேயும் தாயின் சகோதரி மகள் சகோதரிதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தயங்கினேன். பெயர் கேட்காமல், முகவரி கேட்காமல், ஓடப்போகும் ரயிலில் இருந்த ஓர் அந்நியப் பெண்ணிடம் முழுச் சீப்பையும் தூக்கிக் கொடுத்தவள் ஒருத்தி. கடனைத் திருப்பித் தரும்போதுகூட அத்தாட்சி தேடியவள் நான்.

குனிந்து பணத்தை அவள் கையில் வைத்தேன். இந்த முறை முகத்தைப் பார்த்தேன். “கோஷுகுரு” என்றேன், அவர்கள் மொழியில் நன்றி. அவள் பதில் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய காரணமும் இல்லை. நோட்டைக் கப்புலானா முடிச்சில் செருகிக்கொண்டு அடுத்த ஜன்னலுக்கு வெங்காயம் விற்க ஓடினாள்.

அந்தப் பணம் உரியவளிடம் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையைத் தாங்குவது கடினமாகத்தான் இருக்கிறது. ரயில் வரும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஜன்னலின் கீழும், பொருளை மேலே கொடுத்துவிட்டு அவர்கள் தாங்குவதும் அதையேதான்.