தண்ணீர் தந்தவன் வினை

தாகத்தால் தவிக்கும் ஒருவனுக்கு, தூய நீர் என்று மனமார நம்பி மற்றொருவன் கொடுத்த நீரே நஞ்சாயிருந்து, அதைப் பல்லாண்டுகள் குடித்தவன் நோயுற்று மாண்டானாயின், கொடுத்தவனைப் பாவம் சேருமா, சேராதா? தர்க்கம் பயில்வோர் வாதத்துக்காகப் புனைந்த கேள்விபோல் தோன்றும் இது, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்துக் கிராமங்களில் கோடிக்கணக்கான மக்களின் வாழ்வில் மெய்யாகவே எழுந்தது. இதற்கு விடை தேடுவதற்குத் திருப்பருத்திக்குன்றத்தில் வேரூன்றிய சமண மரபையே நான் நாடுகிறேன். ஏனெனில், ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதைக்கூட அறத்துக்கு உட்பட்ட செயலாக எண்ணி, அதற்கு இத்தனை நுட்பமாக விதி வகுத்த மரபு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பட்டுத்தறி ஒலிக்கும் காஞ்சியை அடுத்து, வேகவதிக் கரையில் உள்ள இவ்வூர் ஜினகாஞ்சி எனப் பெயர் பெற்றது. பல்லவ மன்னன் சிம்மவர்மனுடைய பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றிலிருந்த வச்சிரநந்தி என்னும் ஆசாரியருக்கு அளித்த தானத்தைச் சொல்கிறது; விஜயநகரத்துத் தளபதி இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் பணிப்பால் 1387-88-ஆம் ஆண்டில் திரைலோக்யநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் கட்டுவித்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஆயினும், ஓவியங்களால் புகழ்பெற்ற அந்த மண்டபத்தைக் காட்டிலும், இம்மரபினர் வீட்டுக் குடத்தின் வாயில் கட்டும் துணியே இவ்விடத்தில் நம் சிந்தனைக்கு உரியது. கெட்டியான பருத்தித் துணியை இரட்டையாக மடித்துக் குடத்தின்மேல் விரித்து, நடுவே சிறு குழி விழும்படி விரலால் அழுத்தி, நீரை மெல்ல வார்ப்பார்கள். வார்த்து முடிந்ததும் துணியை உதறிவிடலாகாது. அதைப் புரட்டி, வடித்த நீரையே அதன்மீது ஊற்றி, அதில் தங்கிய சிற்றுயிர்கள் எந்தக் கிணற்றிலிருந்து வந்தனவோ அந்தக் கிணற்றிலேயே அவற்றைச் சேர்த்துவிட வேண்டும். வடித்த நீருக்கும் இரண்டு நாழிகையே ஆயுள். அதன்பின் குடிப்பதானால் மறுபடியும் வடிக்க வேண்டும் என்பது இல்லறத்தார்க்கு விதித்த ஆசாரம்.

இந்தத் துணியின் பயனை நவீன விஞ்ஞானமும் வேறொரு வழியாக வந்து கண்டுகொண்டது. வங்கதேசத்தில், பழைய சேலையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குளத்து நீரையும் ஆற்று நீரையும் வடித்துக் குடித்த கிராமங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று ரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2003-ல் வெளியிட்டார்கள். காலராக் கிருமிகள் ஒட்டி வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் துணியில் தங்கிவிடுவதே அதற்குக் காரணம். அதே வங்கதேசத்தில், அதே ஏழை மக்களுடைய கிணறுகளில், எட்டு மடிப்புச் சேலையிலும் தங்காத வேறொரு பொருள் இருந்தது என்பதுதான் துயரம்.

குளத்து நீரைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கால் ஆயிரமாயிரமாக மடிவதைக் கண்டு, 1970-களில் யூனிசெஃப் நிறுவனமும் அரசும் கிராமந்தோறும் குழாய்க்கிணறுகள் இறக்கின. கருணையினால் தொடங்கிய காரியம் அது. மக்களும் அதைத் தங்கள் சொந்தச் செலவிலேயே பல லட்சமாகப் பெருக்கிக்கொண்டார்கள். 1983-ல் கல்கத்தாவின் வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியில் டாக்டர் கே. சி. சாஹா, மார்பில் மழைத்துளி தெறித்ததுபோல் கறுப்பும் வெளுப்புமான புள்ளிகளோடும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்துக் கரடுகட்டிய தோலோடும் வந்த கிராமவாசிகளைப் பரிசோதித்து, அவர்கள் குடித்த குழாய்நீரிலுள்ள ஆர்சனிக் என்னும் பாஷாணமே அந்நோயின் மூலம் என்று கண்டார். நிறமும் மணமும் சுவையும் இல்லாத அதைக் காய்ச்சினாலும் போக்க முடியாது. நீர் சுண்டச் சுண்ட அது அடர்ந்துகொண்டே போகும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம், அதாவது ஒரு லட்சம் லிட்டருக்கு ஒரே ஒரு கிராம்.

இந்த நஞ்சை எந்த மனிதனும் கொண்டுவந்து கொட்டவில்லை. இமயத்தில் அரிக்கப்பட்டு, கங்கையும் பிரம்மபுத்திரையும் சுமந்துவந்த வண்டல் மணலின் துகள்மீது துருவைப் போன்ற இரும்புப் பூச்சு உண்டு. ஆர்சனிக் அந்தப் பூச்சைப் பற்றிக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக யாருக்கும் தீங்கின்றிக் கிடந்தது. மணலோடு புதைந்த இலைதழைகளை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோக, அவை தம் சுவாசத்துக்கு அந்த இரும்பையே பயன்படுத்திக்கொள்கின்றன. அப்போது இரும்பு கரைய, அது பிடித்துவைத்திருந்த பாஷாணமும் அவிழ்ந்து நீரில் சேர்கிறது. ஆற்றோரத்தின் இளைய சாம்பல்நிற மணலில் இவ்வாறு நிகழ, அதற்குக் கீழே ஆழத்திலுள்ள பழைய செம்பழுப்பு மணலில் பெரும்பாலும் நல்ல நீரே கிடைக்கிறது.

இனி, முதற்கேள்விக்கு வருவோம். வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் தவம் செய்தவராக நம் நாட்டு மரபு போற்றும் குந்தகுந்தாசாரியர், நிலத்தை நோக்கிக் கருத்தோடு அடிவைக்கும் முனிவரின் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் வந்து இறந்தாலும் அவருக்கு வினைக்கட்டு இல்லையென்றும், கருத்தின்றி நடப்பவன் காலில் ஓர் உயிரும் சிக்காவிட்டாலும் அவன் ஹிம்சை செய்தவனே என்றும் துணிந்து தீர்த்தார். உயிர் போனதா என்பதைவிட, உள்ளம் விழித்திருந்ததா என்பதே அவருடைய அளவுகோல். வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்துச் சொன்ன குணமும் இதுவே. அந்த அளவுகோலால் பார்த்தால், அன்றைய வழக்கமான நீர்ப் பரிசோதனையில் ஆர்சனிக் இடம்பெறாத காலத்தில், சாகும் குழந்தைகளைக் காப்பதற்காகக் கிணறு இறக்கியவனை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். ஆனால் நஞ்சு இன்னதென்று தெரிந்துவிட்ட 1983-க்குப் பிற்பட்ட ஆண்டுகளிலும் குற்றமில்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் இங்கே வேறொரு விடை குறுக்கிடுகிறது. அதை மறுக்காமல் மேலே செல்ல முடியாது. குடித்து நோயுற்றவன் தன் பழவினையை அனுபவிக்கிறான், இதில் பிறருக்கு என்ன பொறுப்பு என்று வினைக்கோட்பாட்டின் பெயராலேயே பேசுவோர் உண்டு. கைகளில் கரடு கட்டிய பெண்ணை மணம்செய்துகொள்ள மறுத்தும், அவளைத் தொழுநோயாளியென்று ஒதுக்கியும் வைத்த கிராமங்களில் இந்தப் பேச்சுக்கு எவ்வளவு கொடிய வலிமை இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். துன்பம் தரும் வினை எவ்வாறு வந்து சேர்கிறது என்பதற்குச் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் கூறும் காரணம், தனக்கோ பிறருக்கோ துன்பமும் துயரும் விளைவிப்பதே. ஆகவே அந்தக் கோட்பாடு என் கையை நான் பார்த்துக்கொள்வதற்காகத் தரப்பட்டது. அடுத்தவன் கையிலுள்ள புண்ணுக்கு வியாக்கியானம் சொல்வதற்கு அதை எடுப்பவன், எடுத்த அந்தக் கணத்திலேயே தனக்கு வினை சேர்த்துக்கொள்கிறான் என்றே நான் கருதுகிறேன்.

பொறுப்பின் எல்லை எது என்பதை நீதிமன்றங்களும் ஆராய்ந்தன. 1992-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்துக் கிணற்று நீரில் பல தனிமங்களைச் சோதித்தது, ஆர்சனிக்கைச் சோதிக்கவில்லை. நோயுற்ற வங்கதேசத்துக் கிராமவாசி ஒருவர் தொடுத்த வழக்கில், அந்த நிறுவனத்துக்கு அவரளவில் அக்கறைக் கடமை எதுவும் இல்லையென்று 2006-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்டத்தின் நுணுக்கப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, நம் பாலாற்றங்கரை மக்கள் பெற்ற தீர்ப்பு குந்தகுந்தருக்கு நெருக்கமானது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதைச் சுட்டிக்காட்டி, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், முழு விஞ்ஞான நிச்சயம் இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு முயற்சிகளைத் தள்ளிப்போடலாகாது என்றும், தீங்கில்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவனையே சாரும் என்றும் விதித்தது. இராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலைபோல் குவிந்து நிலத்தடிக்குள் கசிந்துகொண்டிருக்கையில், அந்தப் பாலாற்றோடு திருமுக்கூடலில் கலப்பதுதான் நம் வேகவதி. காஞ்சிப் பட்டின் மினுக்கத்துக்குப் பாலாற்று நீரே காரணம் என்று பெருமை பேசும் நாம், அந்த நீரில் இன்று எது கலந்திருக்கிறது என்று கேட்பதற்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டால் போதாது என்பதற்கு வியட்நாமில் சான்று உண்டு. ஹனோய் நகரம் நூறாண்டுக்கு மேலாக நீரை இறைத்துக்கொண்டே இருந்ததால், பக்கத்திலுள்ள வான் பூக் கிராமத்தின் அடியில் ஓட்டத்தின் திசையே மாறி, நச்சு நீர் பழைய நல்ல மணலுக்குள் புகுந்தது. எண்ணெய் பூசிய உடம்பில் புழுதி ஒட்டுவதுபோல் ஆன்மாவில் வினை ஒட்டும் என்பார்கள். அங்கும் ஆர்சனிக் மணலில் ஒட்டி ஒட்டி, நீரைவிடப் பதினாறு முதல் இருபது மடங்கு மெதுவாகவே நகர்ந்து, நூற்றிருபது மீட்டருக்கு மேல் வந்திருந்ததை 2013-ல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மெதுவாக வருவது வராமல் இருப்பதாகிவிடாது. நேற்று நல்ல நீர் தந்த கிணறு, பக்கத்து ஊரார் இறைத்த இறைப்பால் நாளை கெடலாம். வடித்த நீரை இரண்டு நாழிகைக்குப்பின் மறுபடியும் வடிக்கச் சொன்ன ஆசாரத்தின் பொருள் எனக்கு இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

காஞ்சிப் பகுதியின் மண் இமயத்து வண்டலன்று. இங்கே ஆர்சனிக் இருக்கிறதென்று அச்சமூட்டுவது என் நோக்கமுமன்று. சாயப்பட்டறைக் கழிவும் சாக்கடையும் வேகவதியில் கலக்கின்றன, ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்காண்டு ஆழமாகின்றன என்பவற்றை மட்டும் வைத்துச் சொல்கிறேன். வங்கதேசத்தில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் குழாய்க்கிணறுகளைச் சோதித்து, நல்லவற்றுக்குப் பச்சையும் தீயவற்றுக்குச் சிவப்பும் பூசினார்கள். நூற்றுக்கு இருபத்தொன்பது சிவப்பாயின. நம் ஊர்களில் கிணறு தோண்டிக் கொடுத்தவர், குழாயடிச் சிமெண்டில் ‘இன்னார் உபயம்’ என்று பெயர் பொறிக்கிறார்; இருகப்பர் காலத்திலிருந்து வரும் வழக்கம், பொறிக்கட்டும். அந்த வரிக்குக் கீழே, இந்நீர் எதற்கெதற்காகப் பரிசோதிக்கப்பட்டது, எந்தத் தேதியில், அடுத்த பரிசோதனை எப்போது என்பவற்றையும் எழுதட்டும். அந்தத் தேதி கடந்தபின் எழுதுவதற்கு இடமும் விட்டுவைக்கட்டும்.