கணக்குக் கொடுக்க வேண்டியவர் யார்?



வங்காலையில் மீனவர் சங்கமொன்றுக்கு ஒரு வருடத்துக்கென நாம் தெரிவுசெய்த தலைவர், சங்கத்தின் விதிகளைத் தாமே மாற்றி, "இன்னும் இரண்டு வருடம் நானே தலைவர்" என்றால் சும்மா இருப்போமா? புனித ஆனாள் ஆலய முற்றத்திலேயே கேள்வி எழும். நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இவ்வாறு நடந்ததை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

1970 மே மாதத்தில் ஐந்து வருடத்துக்கெனத் தெரிவான பாராளுமன்ற உறுப்பினர்களே, யூலை 19இல் கொழும்பு நவரங்கஹலவில் கூடி அரசியல் நிர்ணய சபையாயினர். புதிய யாப்புக்கு ஆணை கேட்டே ஐக்கிய முன்னணி வென்றது என்பது உண்மை. ஆனால் அந்த ஆணையின் எல்லை எது? மீறினால் கேட்பவர் யார்? மொழி பற்றிய கோரிக்கை ஏற்கப்படாததால் 1971 யூனில் தமிழரசுக் கட்சியினர் வெளியேறினர். 1972 மே 22இல் யாப்பு நிறைவேறிற்று. சிறுபான்மையோருக்குக் காப்பாயிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு மறைந்தது. 1975இல் முடியவேண்டிய உறுப்பினர்களின் பதவிக்காலமோ 1977 வரை நீண்டது. இதற்கு மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை.

எஸ்.ஜே.வி. செல்வநாயகம் வேறு வழியை நாடினார். 1972 ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, தம்மை அனுப்பியவர்களிடமே தீர்ப்புக் கேட்டார். இடைத்தேர்தலோ 1975 பெப்ரவரி 6இல்தான் நடந்தது. கட்சி எதுவாயினும், அனுப்பியவர்களிடம் திரும்பிச் செல்வது நேர்மை. அந்த வழியை அடைத்து வைப்பது அநீதி.

அப்படியானால் பிரதிநிதியின் வாயைக் கட்டிவிடலாமா? அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2013இல் அவ்வாறே செய்தது. அரசியலமைப்பு மாநாட்டுக்குச் செல்பவர் சட்டமன்றத்தின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தால் வாக்குச் செல்லாது, பதவி பறிபோகும், அது குற்றமுமாகும் என்று சட்டமியற்றியது. இது காவல்தான். ஆனால் பிறர் நியாயத்தைக் கேட்டு மனம் மாறவும் முடியாதவர் கூடிப் பேசப் போவது எதற்கு? மனச்சான்றுக்கு விலங்கிடலாகாது.

ஆகவே, பிரதிநிதியின் சிந்தனைக்குச் சுதந்திரம் வேண்டும். அதிகாரத்துக்கு எல்லை வேண்டும். தம் பதவியைத் தாமே நீட்டலாகாது. செய்து முடித்ததை மக்களின் முன் வைத்தே தீரவேண்டும். லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் கண்காணிப்பாளனிடம் தலைவன் கணக்குக் கேட்கிறான். சொத்து தலைவனுடையது என்பதாலேயே கேட்கிறான்.

2016 மார்ச்சிலும் பாராளுமன்றமே அரசியலமைப்புச் சபையாயிற்று, யாப்பு நிறைவேறவில்லை. மறுபடியும் வாக்குக் கேட்டு வருவோரிடம், "எதற்காகப் போகிறீர்கள்? எப்போது திரும்பி வந்து கணக்குச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அனுப்பிவிட்டு உறங்கியவர்களும் இறைவன் முன் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே.